நாற்பது படல் கிடை

எனக்கு எழுபத்தைந்து வயது முடிந்துவிட்டது. நான்கு பெற்றேன், ஆறு வளர்த்தேன். கூடுதல் இரண்டும் இறந்துபோன என் நாத்தனாருடைய பிள்ளைகள். ஆறும் படித்தன. ஒன்றுகூடப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடவில்லை, விடுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் தைப்பொங்கல் வரைக்கும்தான். என் கையால் எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும் என்பதால் நான் சொல்லச் சொல்ல மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். “கொஞ்சம் கோவத்தக் கொறச்சுச் சொல்லுங்க அம்மாச்சி” என்கிறாள். குறைக்க முடியாது. நடந்தது அறுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என்றாலும் விஷயம் எனக்குத் தெரிந்தது போன மாதம்தான். ஆகையால் இது புதுக் கோபம். ஆறுவதற்கு இன்னும் நாள் ஆகும்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குப் பக்கத்து ஆத்தூர்ப் பக்கம். அப்பாவிடம் முந்நூறு செம்மறி ஆடுகள் இருந்தன. கிடை போடுவதுதான் எங்கள் பிழைப்பு. சாயங்காலம் ஆடுகளைக் கொண்டுபோய் ஒருவருடைய வயலில் அடைப்போம். இரவு முழுக்க அவை அங்கேயே படுத்துக் கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகும். வயல்காரர் அதற்குச் சோளமோ கம்போ கொடுப்பார். ஆடுகளை அடைப்பதற்குப் படல் வேண்டும். மூங்கில் பிளாச்சில் தட்டிபோல முடைந்து, ஒரு ஆள் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம் இருக்கும். எங்களிடம் நாற்பது படல். வரிசையாக நிறுத்தி, முளை அடித்துக் கட்டினால் நாலு மூலையோடு ஒரு பட்டி ஆகிவிடும். அந்தச் சுற்று வட்டாரத்தில் அப்பாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, “நாப்பது படல் கிடைக்காரர்” என்றுதான் சொல்வார்கள். ஆட்டின் கணக்கைச் சொல்லமாட்டார்கள், உள்ளே இருக்கிற இடத்தின் கணக்கைச் சொல்லமாட்டார்கள், படலின் கணக்கைத்தான் சொல்வார்கள். வினையே அதில்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட ஆரம்பித்திருந்த காலம் அது. என்னைப் பள்ளிக்கு அனுப்பியதற்குச் சோறு பாதிக் காரணம். மீதிக் காரணம் எண்ணிக்கை. அப்பாவுக்கு இருபதுக்கு மேல் எண்ணினால் தடுமாறும். மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, எண்ணத் தெரியும், ஆனால் பாதியில் யாரையாவது கேலி பேசப்போய் விட்டுவிடுவார். அதனால் வண்டியிலிருந்து படல் இறக்கும்போது எண்ணுவதும், காலையில் ஆடுகள் வெளியேறும்போது எண்ணுவதும் என் வேலை. “பொம்பளப் புள்ளைக்கு எண்ணத் தெரிஞ்சா போதும். அதுக்குத்தேன் பள்ளிக்கூடம்” என்பார் அப்பா. நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாலாம் வகுப்புவரை ஏறினேன். எனக்கு ஐந்தாம் வகுப்பும் வேண்டும் என்று ஆசை. எண்ணிக்கையில் தப்பாதவரைக்கும் யாரும் என்னை நிறுத்த முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்காரன் மகன் காலேஜ் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. பொங்கல் லீவுக்கு வந்தால் அவன் படுக்கக் கட்டில் தனி, குடிக்கச் செம்பு தனி. அவன் கையெழுத்து இருக்கிற காகிதத்தை அம்மா மிதிக்கமாட்டாள், தாண்டமாட்டாள்.

அந்த லீவில்தான் ஒரு வயல்காரர் வந்தார். வாய்க்காலுக்கும் தென்னங்கன்று வரிசைக்கும் நடுவில் அவருக்கு நீளமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் வெங்காயம் வைக்கப் போகிறாராம். அகலம் இரண்டு படல் வரும், நீளம் வேண்டிய மட்டும் உண்டு.

“கிடைக்காரரே, நாளைக்கு ராத்திரி ஒரே கிடை. மறுநா வெள்ளன வாய்க்கால்ல தண்ணி தொறந்துருவாங்க. முடியும்னா சொல்லுங்க. இல்லாட்டி வேற கிடைக்காரர் வாரேன்னு நிக்கிறாரு. அப்புறம் என் வயலு பூராவும் அவருக்குத்தேன்.”

அப்பா தலையைச் சொறிந்தார். எப்போதும் பட்டியைப் பத்துக்குப் பத்தாகவோ, கொஞ்சம் முன்னே பின்னேயோ போடுவதுதான் வழக்கம். இவ்வளவு ஒடுக்கமாகப் போட்டதே இல்லை. மாமா சிரித்தார்.

“என்ன மச்சான் யோசிக்கிறீங்க? படல் அதே நாப்பது. ஆடு அதே முந்நூறு. வேட்டிய மடிச்சுக் கட்டுனா வேட்டி கொறஞ்சா போகுது?”

பெரியவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு மட்டும் ஆடவில்லை. அம்மாவின் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்து, நாற்பது துண்டு எடுத்துக்கொண்டேன். ஒரு துண்டு ஒரு படல். ஒரு படல் நீளமும் ஒரு படல் அகலமும் உள்ள இடத்தில் நாலு ஆடு கால் மடக்கிப் படுக்கும், இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே நாலு ஆட்டுக்கு ஒரு புளியங்கொட்டை என்று வைத்துக்கொண்டேன். முந்நூறு ஆட்டுக்கு எழுபத்தைந்து கொட்டை. ஈர்க்குகளைப் பட்டிபோல அடுக்கி, உள்ளே கட்டம் கட்டமாகக் கொட்டைகளை வைத்துப் பார்த்தேன். பத்துக்குப் பத்தில் எழுபத்தைந்தும் போய், இன்னும் இருபத்தைந்து வைக்க இடம் கிடந்தது. அகலத்தைக் குறைக்கக் குறைக்க இடமும் குறைந்தது. அகலம் ஐந்து, நீளம் பதினைந்து என்று வைத்தபோது கடைசிக் கொட்டைக்கும் கடைசிக் கட்டத்துக்கும் சரியாக இருந்தது. நாலாகக் குறைத்தேன், பதினொரு கொட்டை கையில் நின்றுவிட்டது. இரண்டு படல் அகலத்தில் முப்பத்தாறு கொட்டைதான் கொண்டது. பாதிக்கு மேல் என் பாவாடையில் கிடந்தது. மறுபக்கமும் போய்ப் பார்த்தேன். அகலம் பதினைந்துவரை கொண்டது, பதினாறு வைத்தால் மறுபடியும் கொட்டை மிஞ்சியது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. “வெளக்குமாத்த மொட்டையடிச்சுட்டா பாவி” என்று அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து போய் அப்பாவிடம் சொன்னேன்.

“அப்பா, அகலம் அஞ்சுக்குக் கீழ போனா ஆடு கொள்ளாது. பதினஞ்சுக்கு மேல போனாலும் கொள்ளாது. நடுவுல எது வெச்சாலும் கொள்ளும்.”

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். “அம்மா மருமகளே, கொட்டைய வெச்சுப் பல்லாங்குழி ஆடலாம், கிடை போட முடியாது. படல் கொறையலேல்ல? பெறகு எடம் மட்டும் எங்கிட்டுப் போகும்?”

“படல் கொறையல மாமா. எடம் கொறையுது.”

“எடத்தக் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. வந்து என் கொட்டைகளைப் பார்த்தார். எழுபத்தைந்து எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். இன்னும் செத்த நேரம் அங்கேயே நின்றிருந்தால் முழுக்கப் புரிந்திருக்கும். அதற்குள் மாமா, “காலேஜுப் புள்ளைய வீட்டுல வெச்சுக்கிட்டுப் புளியங்கொட்டைட்ட யோசனை கேக்குறீங்களே மச்சான். மாப்ள, உன் கணக்கு என்ன சொல்லுது?” என்று அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடியே நோட்டைத் திறந்தான். நாற்பது படல், நாலு ஆடு, எழுபத்தைந்து கட்டம் என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டு எழுதினான். எழுதும்போது எக்ஸ் எக்ஸ் என்று முணுமுணுத்தான்.

“எக்ஸ்னா யாருண்ணே?”

“அகலம்.”

“அப்ப அகலம்னே எழுத வேண்டியதுதானே?”

நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. பிறகு அவன் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிறவன்போலச் சொன்னான்: “எக்ஸ் அஞ்சுக்குக் கம்மி. எக்ஸ் பதினஞ்சுக்குக் கம்மி. ரெண்டும் சரியா வரணும்னா அஞ்சுக்குக் கம்மியா இருந்தாப் போதும். ரெண்டு அஞ்சுக்குக் கம்மி. தாராளமாப் போடலாம்பா.”

“அஞ்சுக்குக் கம்மியா இருந்தாத்தேன் கொள்ளாதுண்ணே. வந்து பாரு, கொட்டைய வெச்சுக் காட்டுறேன்” என்றேன் நான்.

பத்து அடி தூரம்தான். அவன் வந்து பார்க்கவில்லை. இரண்டைப் பதினெட்டால் பெருக்கிக்கூடப் பார்க்கவில்லை. அதை நாலாம் வகுப்புப் பிள்ளை பெருக்கும், நானே பெருக்குவேன். காலால் என் ஈர்க்குப் பட்டியைத் தள்ளிவிட்டு, “பெரியவங்க பேசுறப்ப என்னடி?” என்று போய்விட்டான். அப்பா மகனுடைய நோட்டைப் பார்த்தார், என் கொட்டைகளைப் பார்த்தார், வண்டி பூட்டச் சொன்னார். அந்த நோட்டுக்காக ஒவ்வொரு வருஷமும் ஆடு விற்றவர். அதை எப்படி நம்பாமல் இருப்பார்?

மறுநாள் சாயங்காலம் வண்டியிலிருந்து படல் இறக்கினார்கள். நான் எண்ணினேன். நாற்பது. கட்டி முடித்த பிறகு சுற்றி நடந்து இன்னொரு தரம் எண்ணினேன். நாற்பது. அகலம் இரண்டு, நீளம் பதினெட்டு. ஆடுகளை உள்ளே விட்டபோது கடைசி நாற்பது ஐம்பது ஆடுகளை மாமா முட்டுக்கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. “இன்னிக்குக் குளிருக்கு நெருங்கிப் படுத்தாத்தேன் கணகணன்னு இருக்கும்” என்றார். ஒரு ஆடுகூடப் படுக்கவில்லை, படுக்க இடமில்லை. நான் பார்த்தேன். யாரிடம் சொல்வது? வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போனேன்.

விடிந்ததும் அண்ணனும் நானும் கஞ்சி கொண்டுபோனோம். இரவில் நரி ஒன்று ஒரு முனைக்கு வந்திருக்கிறது. அகலமான பட்டியாக இருந்தால் ஆடுகள் சிதறி ஒதுங்கியிருக்கும். இது சந்துபோல இருந்ததால் மொத்த ஆடும் மறுமுனைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூலையில் அமுங்கிவிட்டது. அப்பாவும் மாமாவும் படல்களைப் பிய்த்து எறிந்து ஆடுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். பிய்த்ததில் பாதி ஒடிந்து வாய்க்காலில் கிடந்தது. வரப்பில் பதினொரு ஆடுகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஏழு சினை. அப்பா ஒவ்வொன்றின் வயிற்றையும் தடவிக்கொண்டே போனார். அதற்குமுன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை.

நான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவன் செத்த ஆடுகளைப் பார்க்கவில்லை. பட்டி நின்ற தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அகலத்தைப் பார்த்தான், நீளத்தைப் பார்த்தான். உதடு அசைந்தது. வீட்டுக்குத் திரும்பி நடந்தான். வெயில் ஏறிய பிறகுதான் மறுபடி வந்தான். வந்ததும் கேட்டான்:

“படல எண்ணுனது யாரு?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“நாப்பது இருந்திருக்காதுப்பா. நாப்பது இருந்தா கணக்குப்படி ஆடு கொள்ளணும். ரெண்டு மூணு படல இவ வண்டியிலயே விட்டுருக்கா.”

“நாப்பதுதேன். ரெண்டு தரம் எண்ணுனேன். இப்ப வேணா எண்ணிப் பாருங்க” என்று கத்தினேன். எதை எண்ணுவது? ஒடிந்தது எது, வாய்க்காலோடு போனது எது, யாருக்குத் தெரியும்? மாமாதான் கடைசியில் படல்களை இறக்கியவர். வண்டி காலியாக இருந்தது அவருக்குத் தெரியும். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர் அன்றைக்கு மட்டும் ஆட்டின் காலைக் கட்டுகிற வேலையில் மும்முரமாக இருந்தார்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். “நாப்பது வரைக்கும் எண்ணத் தெரியல. இதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?” என்றார். அவ்வளவுதான். என் சிலேட்டை அம்மா கழுவி மோர்ப்பானைக்கு மூடியாக்கினாள். அளவு சரியாகப் பொருந்தியது. அந்த வீட்டில் இருந்தவரைக்கும் மோர் எடுக்கும்போதெல்லாம் நான் அதைத் திறந்து மூடினேன்.

நான் எண்ணியது தப்பென்று நானே நம்பிவிட்டேன் என்பதுதான் கொடுமை. நோட்டு பொய் சொல்லுமா? கல்யாணமாகி வந்த பிறகும் எதையும் மூன்று தரம் எண்ணுவேன். கோழி முட்டையை, குடத்தை, தூங்குகிற பிள்ளைகளைக்கூட.

அண்ணன் கணக்கு வாத்தியார் ஆனான். திண்டுக்கல்லிலேயே நல்ல பேர் எடுத்தான். அவன் செத்தபோது மாலையும் கையுமாகத் தலைநரைத்த மாணவர்கள் வந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் சொன்னார்: “சார் பைக்குள்ள எப்பவும் புளியங்கொட்டையும் ஈர்க்குக் குச்சியும் வெச்சிருப்பாரும்மா. எதுக்கும் எதுக்கும் நடுவுல கொள்ளும்னு அடுக்கிக் காட்டித்தான் அந்தக் கணக்க நடத்துவாரு. ஒருத்தனும் மறக்கமாட்டான்.” அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து அழுதேன். அண்ணன் என்னை மறக்கவில்லை என்று நினைத்து அழுதேன். அந்த அழுகையைத் திருப்பி வாங்க முடியுமானால் இன்றைக்கு வாங்கிவிடுவேன்.

ஏனென்றால், போன மாதம் இந்தப் பேத்தி பதினோராம் வகுப்புக் கணக்கைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். எக்ஸ் அஞ்சுக்கு மேலே, பதினஞ்சுக்குக் கீழே என்றோ என்னவோ வந்தது. நான் கீரை ஆய்வதை விட்டுவிட்டு, “நாப்பது படல், முந்நூறு ஆடு, இதுக்குப் போடு” என்றேன். போட்டாள். அண்ணன் சொன்ன விடையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

“அம்மாச்சி, இது எல்லாரும் பண்ற தப்பு. அகலத்துலருந்து அஞ்சக் கழிச்சா ஒண்ணு, பதினஞ்சக் கழிச்சா ஒண்ணு, ரெண்டையும் பெருக்குனா பூஜ்யத்துக்குக் கீழ வரணும்ல? அதுக்கு ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயும் இருக்கணும். ரெண்டுமே கீழ இருந்தா பெருக்குறப்ப மேல ஏறிரும். அதனால அஞ்சுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல இருந்தாத்தான் சரி. வெளிய போனா கொள்ளாது.”

எல்லாரும் பண்ணுகிற தப்பு. பதினேழு வயதுப் பையன் அதைப் பண்ணியதை மன்னிக்கலாம், நான்கூட மன்னிப்பேன். ஆனால் அந்தக் காலையில் அவன் வீட்டுக்குப் போய் வந்தானே, அதற்கு நடுவில் ஒன்று நடந்தது. இத்தனை வருஷமாக அதை நான் ஒரு நல்ல நினைவாக வைத்திருந்தேன்.

கஞ்சிக் கலயத்தை வைத்துவிட்டு நானும் அவன் பின்னாலேயே வீட்டுக்கு ஓடினேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தான். “அடுப்புல போட்டுரு. போட்டுட்டேன்னு வந்து சொல்லு” என்றான். அதற்குமுன் அவன் நோட்டை நான் தொட்டதே கிடையாது. தாளைப் பார்த்தேன். மற்றதெல்லாம் எனக்குத் தெரியாத எழுத்து. இரண்டு ஜோடி அரிவாள் மாதிரி வளைந்த கோடுகள் இருந்தன. ஆனால் ஒரு அரிவாள் ஜோடிக்குள் 5 இருந்தது, இன்னொன்றுக்குள் 15 இருந்தது. எண் எனக்குப் படிக்கத் தெரியும். என்னுடைய அஞ்சு, என்னுடைய பதினஞ்சு! காலேஜ் கணக்கிலும் அதுவே வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். “அண்ணே, எனக்கு வந்ததுதேன் உனக்கும் வந்துருக்கு” என்றேன். அவன், “ஆமா. போ” என்றான்.

அடுப்படியில் அம்மா இருந்தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் கையெழுத்தை மிதிக்காதவள், அன்றைக்கு அந்தத் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு விறகை ஒதுக்கி வழிவிட்டாள். தாள் சுருண்டு பிடித்துக்கொண்டது. அஞ்சு முதலில் கறுத்தது, அப்புறம் பதினஞ்சு. அண்ணன் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தானே என்ற பெருமையோடு ஓடிப்போய், “போட்டுட்டேண்ணே” என்றேன். அவன் என் தலையைத் தடவிக்கொடுத்தான். குட்டு விழுந்த அதே இடத்தில்.

அதற்குப் பிறகுதான் எழுந்து, நான் பின்னாலேயே வர, கிடைக்கு நடந்துபோய், படலை எண்ணியது யார் என்று கேட்டான்.

சரி கண்ணு, போதும். இப்போது முதலிலிருந்து வாசி. மெதுவாக, சத்தமாக வாசி. கோபத்தை எங்கேயாவது நீயாகக் குறைத்து எழுதியிருந்தால் எனக்குக் கேட்டுவிடும்.